குஸ்ஸா மிஸ்திரியும் பால் டீ குடித்த எஞ்சினும்

போர்ட் பிளேயரில் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற நாமெல்லாம் வெறுமனே சத்தம் போடுகிறவர்கள். கரண்ட் போனால் சத்தம், கப்பல் டிக்கெட் கிடைக்காவிட்டால் சத்தம், பத்து நிமிஷத்தில் அடங்கி டீ குடிக்கப் போய்விடுவோம். மின்னி பே இறக்கத்தில், கடலைப் பார்த்த தகரக் கொட்டகையில் வண்டி ரிப்பேர் செய்யும் குஸ்ஸா மிஸ்திரி அப்படியில்லை. காலையில் கொட்டகையைத் திறக்கும்போது அவர் கோபமும் திறக்கும். சாயங்காலம் ஷட்டரோடு சேர்த்துத்தான் அதை இழுத்து மூடுவார்.

இந்தியில் கோபத்துக்கு 'குஸ்ஸா'. பெங்காலி டிரைவர்கள் வைத்த பெயர் அது. தெலுங்கர், மலையாளி, நாங்கள் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டோம். மனிதர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். அந்தத் தோட்டத்து மரியாதை அவர் தமிழில் அப்படியே இருந்தது. அந்த மரியாதையோடுதான் திட்டுவார்.

"தொரை, ஒங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?"

மரியாதையில்லாமல் திட்டினால் நாமும் பதிலுக்குத் திட்டலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? "இல்லைங்க" என்றுதான் வாயில் வருகிறது.

கொட்டகைக் கதவில் பெயிண்டால் ஒரு வாசகம் எழுதியிருந்தார், மேலே இந்தியில், கீழே தமிழில்: 'வண்டிக்கு வாய் இல்லை. ஒங்களுக்கு இருக்கு. அதை மூடிக்கிட்டு நிக்கவும்.' ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் காரை விட்டு இறங்காமலே, "ஏசி டண்டா நஹீ ஹை" என்று அலுத்துக்கொண்டார். குளிரவில்லையாம். மிஸ்திரி கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, காற்று வரும் வாய்க்கு முன்னால் அடுக்கியிருந்த பைல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதிகாரியின் மடியில் வைத்தார். குளிர் காற்று குபுகுபுவென்று வந்தது. "சாப், இவ்வளவு நாள் பைலுக்குத்தான் குளிரடிச்சிருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனவர், அந்த வண்டி கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இன்னொரு டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்துபோன அவசரத்துக்கு இளநீரை வெட்டி ஊற்றிவிட்டார். அவரை மிஸ்திரி வாரம் முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "வழுக்கை போட்டீங்களா, இல்ல தண்ணி மட்டுந்தானா?" என்றே விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு கனவான். தன்னுடைய பதினெட்டு வயது டீசல் வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். "எஞ்சின் சிங்கம் சார். ஏசி காஷ்மீர்" என்றார். இரண்டு நாள் காஷ்மீராகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அடுப்படி. விற்கிற அன்று காலையில் கேஸ் ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷர்! கேஸ் ஒழுகித் தீரும் முன் கப்பலேறிவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிஸ்திரியின் முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏசி பாக்கணும்" என்றேன்.

அவர் ஏசி பக்கமே திரும்பவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு மோந்தார், நாக்கில் வைத்தார், துப்பினார்.

"ஒங்க வீட்டு போர் தண்ணி."

"எப்படி மிஸ்திரி கண்டுபிடிச்சீங்க?"

"உப்பு. இந்தத் தண்ணிய ஒங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"இதுக்கு மட்டும் குடுப்பீங்க."

அடுத்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் வெளுத்து, நுரைத்து, கொழகொழவென்று இருந்தது. சூடு தாங்காமல் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் விட்டுப்போய், தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்திருந்தன.

"பாருங்க தொரை, பால் டீ! நான் ஆயுசுக்கும் பிளேன்டீ குடிக்கிறவன். ஒங்க எஞ்சின் என் கண்ணு முன்னால பால் டீ குடிச்சிக்கிட்டு நிக்குது. அது உள்ளுக்குள்ள காய்ச்சல்ல கெடக்கு. ஒங்களுக்குக் குளிர் காத்து கேக்குதா?"

முதலில் எஞ்சின், பிறகுதான் ஏசி. அதுதான் அவர் சட்டம். ஏசி ஓடினால் அதன் கம்ப்ரஸரையும் எஞ்சின்தான் இழுக்க வேண்டும், நோயாளியின் தோளில் மூட்டை ஏற்றுவதா என்பது அவர் கட்சி. எஞ்சினிடம் பேசும்போது மட்டும் அந்தக் குரல் மாறும். "கொஞ்சம் பொறுத்துக்க தாயீ, இந்தா ஆச்சு" என்பார். போல்ட்டைக் கழற்றும் முன் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார். சொந்தக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

வாரக்கணக்கில் வேலை நடந்தது. கேஸ்கட் மாற்றினார். ஏசி குழாய்களில் காற்றை அடைத்து, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தார். முன்னால் நிற்கும் கண்டென்சரைக் கடல் காற்று அரித்துத் தின்றிருந்தது. குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. "தீபாவளி!" என்று கத்தினார். ஊரில் கிடைத்த வேறொரு கண்டென்சரை மாட்டி கேஸ் ரொப்பியாயிற்று. மிச்சமிருந்தது ரேடியேட்டர் மட்டும். பழையது உள்ளுக்குள் உப்புப் படிந்து பாதி அடைத்துப்போயிருந்தது. புதியது சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். முதலில் வந்தது வேறு வண்டியுடையது. மிஸ்திரி சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டார். பாதித் திட்டில் சிக்னல் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் போனைப் பழைய டீசல் வாளிக்குள் வீசிவிட்டு, மிச்சத் திட்டை வாளியைப் பார்த்தே திட்டி முடித்தார்.

அந்த வாரம்தான் வடக்கே அரை நாள் தூரத்தில் இருக்கும் ரங்கத் ஊரிலிருந்து, என் மாமியாருக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது.

அத்தை ரங்கத் பஜாரில் முப்பது வருஷம் காய்கறிக் கடை நடத்தியவர். வெயில், மழை, விலை கேட்கிற கூட்டம் எதற்கும் அசராதவர். ஆனால் மூச்சிரைப்பு அவரை விடவில்லை. இந்த முறை அது மிக மோசம். போர்ட் பிளேயரில் பெரிய டாக்டரிடம் காட்ட வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று. "கூட்டிட்டுப் போங்க, ஆனா தூசியும் புழுக்கமும் கூடவே கூடாது" என்று ரங்கத்தில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். தீவுகளுக்கு இடையே பறக்கும் ஹெலிகாப்டரில் இடமில்லை. பஸ்ஸில் அந்த நெரிசலுக்குள் அவரை ஏற்ற முடியாது.

ரங்கத் சாலை, ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டுக்குள்ளே போகிறது. இந்த முனையில் ஜிர்காடாங், அந்த முனையில் மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற கடல்கால், அதைப் படகில்தான் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, குறித்த நேரத்தில் போலீஸ் துணையோடு விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது. அடுத்தவர் வீட்டு வழியாகப் போகிறோம், அந்த அடக்கமாவது வேண்டும். ஆனால் கண்ணாடி மூடிய வண்டியில் ஏசி இல்லையென்றால், ஏப்ரல் வெயிலில், மூச்சிரைப்பு உள்ளவரின் கதி என்ன?

கொட்டகைக்கு ஓடினேன். "வண்டி வேணும் மிஸ்திரி, நாளைக்கே."

"பில்குல் முடியாது. பழைய ரேடியேட்டர் அந்த ஏத்தத்துல தாங்காது. ஏசியும் போட்டீங்கன்னா கேஸ்கட் பொறகும் போயிரும். கப்பல் வரட்டும்."

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. அவர் கொட்டகையில், அவருக்கு முன்னால் நின்று கத்தினேன். "கப்பல் வரட்டும், கப்பல் வரட்டும்னு எத்தனை நாள் சொல்லுவீங்க? அதுக்குள்ள அவங்க போய்ச் சேந்துருவாங்க! ஒங்களுக்கு எஞ்சின்தான் முக்கியம், மனுஷங்க எப்படிப் போனா என்ன!"

பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த ஆள் மெதுவாக வெளியே நகர்ந்துவிட்டார். ஸ்பேனர் பறக்கும் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பறக்கவில்லை. மிஸ்திரி துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நானும் வாறேன்" என்றார். "ஓட்டுறது நான். நீங்க ஸ்டியரிங்கத் தொட்டீங்கன்னா காட்டுலயே எறக்கி விட்ருவேன்."

பழைய ரேடியேட்டரையே கழற்றிக் கழுவி, கம்பியால் குத்தி அடைப்பெடுத்து மாட்டிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம், அவரும் நானும் என் மனைவி மாலாவும். போகும்போது ஏசியைத் தொடவிடவில்லை. எஞ்சினுக்கு ஓய்வாம். ரங்கத் போய் இறங்கியபோது எங்கள் மூன்று பேர் சட்டையையும் பிழிந்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை அத்தை கடைவாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வண்டியை மேலும் கீழும் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "அரே, இந்த டப்பாவுலயா என்னைக் கொண்டுபோகப் போறீங்க?"

"டப்பான்னு சொல்லாதீங்கம்மா. அதுக்குக் காது இருக்கு" என்றார் மிஸ்திரி.

"அதுக்குக் காது இருக்கட்டும்ப்பா. ஒனக்கு இருக்கா? அந்த மூட்டையெல்லாம் ஏத்துன்னு அப்பவே சொன்னேனே."

மூட்டைகள் என்றால் தேங்காய், கொட்டைப்பாக்கு, கருவாடு, மகளுக்கு ஒரு பலாப்பழம். மிஸ்திரி ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிப் பார்த்தார், ஒவ்வொன்றாகக் கடைக்குள்ளேயே திருப்பி வைத்தார்.

"எஞ்சின் ஒங்களைத் தூக்கும்மா. ஒங்க கடையைத் தூக்காது."

"பலாப்பழமாவது..."

"பலாப்பழம் ஏறுச்சுன்னா தொரை எறங்கணும்."

அத்தை என்னையும் பலாப்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நேரம் யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குள் சுருக்கென்றது. கடைசியில் மருந்துப் பையும் தலையணையும் மட்டும் ஏறின. மிடில் ஸ்ட்ரெய்ட் வரும்வரை இருவரும் ஓயவில்லை. மிஸ்திரி பள்ளத்தில் விட்டால் அத்தை திட்டுவார். அத்தை திட்டினால் மிஸ்திரி, "பேசாம வாங்கம்மா, மூச்சு செலவாகுது" என்று அதட்டுவார். படகில் வண்டியை ஏற்றி இக்கரை வந்து, மதிய வரிசையில் சேர்ந்தோம்.

காட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிகளை ஏற்றினோம். ஏசி ஓடியது. காஷ்மீர் இல்லை, ஆனால் அத்தைக்குப் போதும். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ். சாலையைத் தோண்டிப்போட்டிருந்த இடத்தில் அது கிளப்பிய செம்மண் தூசியில் அதன் பின்பக்கமே தெரியவில்லை.

முதல் பெரிய ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே நகர்ந்தது. நான் பார்த்தேன். மிஸ்திரி எனக்கு முன்பே பார்த்திருந்தார். ஏசியை அணைத்தார். எஞ்சின்தான் முதலில். சட்டம் சட்டம்தான்.

ஐந்து நிமிஷத்துக்குள் வண்டிக்குள் காற்று கெட்டியானதுபோல இருந்தது. பின் ஸீட்டிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அத்தையின் நெஞ்சிலிருந்து. மாலா மருந்தை அவர் வாயில் அடித்துவிட்டு, "அம்மா, அம்மா" என்று முதுகைத் தடவினாள். அத்தையால் யாரையும் திட்ட முடியவில்லை. கண்ணாடியை இறக்கினால் அந்தத் தூசி அப்படியே உள்ளே வரும். நிறுத்தவும் முடியாது.

மிஸ்திரி கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பின்னால் பார்த்தார். கை நீட்டி ஏசியைப் போட்டார். முழுதாகத் திருப்பினார்.

"மிஸ்திரி, முள்ளு!" என்றேன்.

"எனக்குக் கண்ணு இருக்கு. வாய மூடிக்கிட்டு வாங்க."

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து மெல்ல ஊர்ந்தார். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே கொடுக்காமல் உருளவிட்டார். முள் சிவப்பைத் தொட்டது. தாண்டியது. முன்பக்கமிருந்து டொக் டொக்கென்று தட்டும் ஓசை கேட்டது. வெள்ளைப் புகை எங்களுக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டது. அவர் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து, எங்கள் யாரிடமும் காட்டாத குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்: "மன்னிச்சிக்க தாயீ. தெரிஞ்சுதான் செய்யிறேன். ஒனக்கு நான் வேற கேஸ்கட் போட்டுக்குவேன். அந்தம்மாவுக்கு எங்க போயி வாங்குறது? இன்னும் கொஞ்சந்தான், வந்துரு."

பின்னாலிருந்து வந்த விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஜிர்காடாங் செக்போஸ்டைத் தாண்டி, ஒரு மரத்தடியில் வண்டி தானாக நின்றது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. பானெட்டைத் தூக்கியதும் இட்லிப் பானையைத் திறந்தது மாதிரி ஆவி. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கான்ட்ராக்டரின் காரில் அத்தையையும் மாலாவையும் ஏற்றிக்கொண்டார்கள். கார் கிளம்பும் முன் அத்தை கண்ணாடியை இறக்கி, மூச்சைச் சேர்த்துச் சேர்த்து மிஸ்திரியிடம் சொன்னார்: "டப்பா... நல்ல டப்பாதான்ப்பா."

நானும் மிஸ்திரியும் மட்டும் நின்றோம். என் அவசரத்தால் வந்த வினை. மன்னிப்புக் கேட்கலாம் என்று, "நான் மட்டும் அன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான், வெடித்துவிட்டார். "கத்துனது தப்பில்ல தொரை! எங்கிட்ட கத்துனதுதான் தப்பு! ஒரு மனுஷி மூச்சு விடறதுக்கு அரை நாள் காட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி, பதினெட்டு வருஷத்து வண்டியில வரணுமா? அதைக் கேட்டு யாராச்சும் கத்துறீங்களா? கப்பல் வரும், கப்பல் வரும்! கச்சால்ல எங்கம்மாவையும் அப்படித்தான் சொல்லிப் படுக்க வச்சிருந்தாங்க. கப்பல் வந்திச்சு. வராம இல்ல. ஒரு நாள் சொணங்கி வந்திச்சு."

அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். தொடவே முடியாத சூட்டில் அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று எனக்கும் தெரியும்.

அத்தை பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாளே மிஸ்திரி பார்க்க வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பழங்களோடு. வந்தவர் நோயாளியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து வார்டு ஏசியைப் பார்த்தார். அது காற்றுக்குப் பதில் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரும்பி வருவதற்குள் ஸ்டூல் மேல் ஏறி மூடியைக் கழற்றி, வடிகட்டி வலையைக் குழாயடியில் கழுவிக்கொண்டு நின்றார். "யே க்யா ஹோ ரஹா ஹை, என்ன நடக்குது இங்க?" என்று நர்ஸ் கூச்சல் போட, "வலையில இருக்கிற அழுக்கப் பாருங்க சிஸ்டர், இதையா இத்தனை பேரும் சுவாசிக்கிறது?" என்று இவர் கூச்சல் போட, அத்தை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இருவரையும் சேர்த்துத் திட்டினார். மூச்சு இரைக்காமல், ஒரே இழுப்பில், முழுசாக. மாலா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கப்பல் வந்தது, சரியான ரேடியேட்டரும் வந்தது. இரண்டாம் முறையாக எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தார். அந்த மாதம் முழுவதும் நான் வாங்கிய திட்டுகளை எழுதினால் இந்த இதழ் போதாது. அத்தை தேறி ரங்கத்துக்குத் திரும்பிக் கடையைத் திறந்துவிட்டார். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. ஏசி, சொன்னால் நம்பமாட்டீர்கள், காஷ்மீர்தான்.

அதனால் ஒரு சங்கடம். கொட்டகைக்குப் போகக் காரணமே இல்லாமல் போய்விட்டது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். மிஸ்திரி எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். எண்ணெய்க் கம்பியை உருவினார். ஏசி வாயில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஒண்ணுமே இல்லையே. எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான் மிஸ்திரி. ஒங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு."

என்னை முறைத்தார். "என்னையப் பாக்க வர்றதுன்னா நீங்க வாங்க தொரை. அந்தப் பாவத்த எதுக்கு வெயில்ல இழுத்துக்கிட்டு வாறீங்க?" என்று கத்திவிட்டு, ஒரு பழைய டயரைக் காலால் என் பக்கம் தள்ளி, இரண்டு பிளேன்டீக்குக் குரல் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போகிறேன்.